செவ்வாய் மூன்று மணி

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மச்சினன் போனில் கேட்கிறான்: "அத்தான், இருவத்தாறு வருசமா அந்த வேலிக்குள்ள என்னதான் அரைக்கிய? மாவா?"

மாவுதான் என்றேன். பொய்யும் இல்லை. அலுமினியத் தூளையும் கூட இன்னொரு தூளையும் எஃகுக் குண்டுகளோடு ஜாடியில் போட்டு மூன்று மணி நேரம் உருட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு மாவு வரும். பார்க்க அப்பாவி. பற்றவைத்தால் காற்றே இல்லாத இடத்திலும் எரியும். அந்தச் சூட்டில் பக்கத்தில் இருக்கிற உலோகம் உருகுவதோடு நிற்காது, ஆவியாகவே போய்விடும். எங்களுக்கு வேண்டியது அதுதான். ராக்கெட்டில் ஏற்றி, அந்தி நேரத்தில் உச்சியில் லித்தியம் ஆவியை விட்டால் செக்கச்செவேல் என்று ஒரு மேகம் உண்டாகும். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து மேல்காற்றைக் கணக்கெடுப்பார்கள். இதையெல்லாம் மச்சினனிடம் சொன்னால் நாளைக்கே உடன்குடி முழுக்கத் தெரிந்துவிடும். அவன் ஏன் திடீரென்று கேட்கிறான் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

காலைத் தூள் எட்டுக்குப் போட்டு பதினொன்றுக்கு எடுத்தேன். மதியத் தூள் பன்னிரண்டுக்குப் போட்டது. மூன்று மணிக்கு ராகு காலம் வந்துவிட்டதால் திறக்கவில்லை. மெஷினை நிறுத்திப் போட்டால் மாவு அடியில் கட்டிக்கொள்ளும், ஓடிக்கொண்டே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு நாலு முப்பத்தைந்துக்கு எடுத்தேன். பதிவேட்டில் வழக்கம்போல 12 முதல் 3 என்று எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருதடவை உள்ளபடி எழுதினதற்கு, டாக்டர் வரகுணன் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "நாயகம், ராக்கெட்டுக்குமாய்யா ராகு?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் எங்கள் பிரிவுத் தலைவர், சிரிக்கலாம். நான் அதோடு உள்ள நேரத்தை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, புதன்

நேற்று மதியத் தூள் 22.

சோதனைத் தொட்டியைக் காற்றில்லாமல் உறிஞ்சிவிட்டு உள்ளே தூளைக் கொளுத்துவார்கள். ஜன்னல் வழியே தெரிகிற சிவப்பு வெளிச்சத்தை ஒரு கருவி அளந்து எண் சொல்லும். எண்பதுக்கு மேல் வர வேண்டும். காலைத் தூள் 84. அதே சரக்கு, அதே ஜாடி, அதே கை. அப்படியென்றால் என் அரவைக்கூடத்தை விட்டு வெளியே போன பிறகுதான் ஏதோ நடக்கிறது.

வெளியே போனால் அது எமீமா கைக்குத்தான் போகிறது. ஆராய்ச்சி மாணவி. நாசரேத்துக்காரப் பிள்ளைதான், ஆனால் ஹைதராபாத்தில் வேறு ஒரு கூடத்தில் இருந்துவிட்டு ஜூலையில் இங்கே வந்தது. தூளை வில்லையாக அழுத்தித் தொட்டியில் வைப்பது அவள் வேலை. அவள் வந்தது ஜூலை. எண் விழ ஆரம்பித்தது ஜூலை. மூன்று மணி நேர அரவை முறை வந்ததும் ஜூலைதான், ஆனால் அரவையில் தப்பு வர நான் என்ன நேற்று வந்தவனா?

ஆகஸ்ட் 4, வெள்ளி

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுகிறாள்.

"அண்ணாச்சி, காலைத் தூள் ரெடியா?"

"ஜாடி சூடா இருக்கும்மா. பன்னெண்டு ஆவட்டும்."

"பதிவேட்டுல பதினொண்ணுன்னு இருக்கே."

"அப்ப பதிவேட்ட வாங்கி வில்லை போடு."

சிரித்துவிட்டுப் போனாள். கோபம் வரவில்லை பாருங்கள், கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிக்கிற ஆளை நான் நம்புவதில்லை. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தவுடன் என் கண் முன்னாலேயே ஒரு சிட்டிகை எடுத்து, எண்ணெய் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, மேலே டேப் ஒட்டி நம்பர் எழுதினாள். ஒவ்வொரு தூளிலும் ஒரு சிட்டிகை எடுக்கிறாளாம். எதற்கு என்றேன். "சாட்சிக்கு அண்ணாச்சி" என்றாள். யாருக்கு எதிராகச் சாட்சி?

ஆகஸ்ட் 5, சனி

நேற்றுக் காலைத் தூள் 41. நேற்று மதியத் தூள் 83. தேங்காய்ச் சட்னியில் உப்பு அதிகம். உலகம்மாளிடம் சொன்னதற்கு, "இதுலயும் யாராச்சும் சதி பண்ணிட்டாவளா?" என்கிறாள். கட்டின பெண்டாட்டியே இப்படி.

ஆகஸ்ட் 7, திங்கள்

திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது ஆகாது. ஏழேகாலுக்கே மெஷினை ஓட விட்டு, பதினொன்றுக்கு எடுத்தேன். பதிவேட்டில் 8 முதல் 11.

எமீமா இன்று முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மதியத் தூள் எடுத்தது நாலு மு

(மேலே காபி சிந்திவிட்டது. உலகம்மாள் டம்ளரைச் சரியாக நோட்டின் மேல் வைத்திருக்கிறாள்.)

ஆகஸ்ட் 9, புதன்

திங்கள் காலைத் தூள் 66. நேற்று மதியத் தூள் 19. டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்டோபரில் ராக்கெட். அதற்கு முன் கமிட்டி வந்து பார்க்கும்.

"இப்படியே போச்சுன்னா திட்டத்தையே மூடிருவாங்க. நாயகம், உங்க பக்கம் ஏதாவது?"

"என் பக்கம் ஒண்ணும் இல்ல சார். பதிவேடு இருக்கு."

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் மூன்று மணி நேரம், ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லை. தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லாமல் போயிற்று.

ஆகஸ்ட் 10, வியாழன்

கண்ணால் பார்த்துவிட்டேன். சாயந்திரம் ஐந்தரைக்கு, சாப்பாட்டுப் பைக்குள், தூக்குவாளிக்கு அடியில் துண்டை விரித்து, பாட்டில்களை அடுக்குகிறாள். என்னைப் பார்த்ததும் பையை மூடினாள்.

"இன்னும் போவலையா அண்ணாச்சி?"

"நீ போவலையா?"

"பஸ்ஸு ஆறு மணிக்குத்தான்."

ஹைதராபாத். அங்கேயும் இதே மாதிரித் தூள் செய்கிறார்களாம், டாக்டரே சொல்லியிருக்கிறார். நம் நல்ல தூளை அங்கே அனுப்பிவிட்டு, இங்கே மண்ணைக் கலந்து கொளுத்தினால் எண் விழத்தானே செய்யும்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வருகிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலைத் தூள் பன்னிரண்டு பத்துக்கு எடுத்தது. அவளோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டேன். பெயர் போடவில்லை. பெயர் போடாமல் எழுதுவது கோழைத்தனம் என்று சொல்வார்கள், சொல்லுகிறவர்களுக்கு ஓய்வூதியம் வர இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறதா என்ன?

உலகம்மாளிடம் மட்டும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அந்தப் பிள்ள திருடுச்சுன்னு நீங்க பாத்தியளா?"

"பையில வைக்கதப் பாத்தேன்."

"திருடுததப் பாத்தியளா?"

இந்த வீட்டில் நியாயம் கேட்க வக்கீல் வேண்டாம்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். லட்டு. என் தட்டில் வைத்தது உடைந்த லட்டு.

ஆகஸ்ட் 16, புதன்

வாசலில் சோதனை. ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். காவலர் அவள் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். தூக்குவாளி, சீப்பு, ஒரு சின்னக் குடை, துண்டு, அதற்குள் பதினாறு பாட்டில். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் குரல் உயரவே இல்லை. "திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல எக்ஸ்ரே மெஷின் இருக்கு சார். தூளுக்குள்ள என்ன ஆயிருக்குன்னு அதுல தெரியும். டாக்டர்ட்ட சொல்லிருந்தேன்" என்றாள்.

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிக்கலாம்னு சொன்னேன். எடுத்துட்டுப் போன்னு சொல்லல."

பாட்டில்களைச் சாக்குப்பையில் போட்டுச் சீல் வைத்தார்கள். அவள் சீப்பையும் குடையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். ஆறு மணி பஸ் போய்விட்டது. யாரும் அவளோடு நிற்கவில்லை, நானும்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பசிதான் இல்லை, வெயில் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

31ஆம் தேதி அவள்மேல் விசாரணை. தப்பு என்று முடிவானால் ஆராய்ச்சி இடம் ரத்து. நாலு வருஷப் படிப்பு, இன்னும் ஆறு மாசத்தில் முடிந்திருக்குமாம். அதற்கு முன் 29ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, கமிட்டி முன்னால் சோதனை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மதியத் தூள் நாலு முப்பத்திரண்டுக்கு எடுத்தேன். கூடத்து வாசலில் எமீமா நின்றுகொண்டிருந்தாள். இனித் தூளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். கையில் ஒரு தாள்.

"அண்ணாச்சி, உங்கள விட இந்தத் தூளு யாருக்குத் தெரியும்? இதப் பாத்துச் சொல்லுங்க. கெட்ட தூள் எல்லாம் மூணு நேரத்துலதான் வருது. திங்கக் காலையில கொஞ்சம் மந்தம். வெள்ளி பதினோரு மணி மோசம். செவ்வா மூணு மணி சுத்தமாச் செத்துருது. மத்த நாளு எல்லாம் நல்லா இருக்கு."

"அதுக்கு?"

"ஏன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி. கரண்டா, காத்துல ஈரமா, எல்லாம் பாத்துட்டேன். செத்த தூளப் பாத்தா ரொம்ப நேரம் அரைபட்ட மாதிரி இருக்கு. அளவுக்கு மேல அரைச்சா ரெண்டு தூளும் ஜாடிக்குள்ளயே மெதுவா ஒண்ணோட ஒண்ணு எரிஞ்சு தீந்துரும், அப்புறம் கொளுத்தினா என்ன இருக்கும்? ஆனா நீங்க லேட்டாத் தர்றது ஜாடி ஆறத்தானே, பதிவேட்டுல அரவை எல்லாமே மூணு மணி நேரம். நீங்க எழுதினா அது கல்வெட்டுல்லா. அதனால அது இல்ல. வேற என்ன?"

பார்க்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். நைசாகப் பேசி என்னிடமே ஆதாரம் பிடுங்கப் பார்க்கிறாள் என்று அப்போது நினைத்தேன். எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

நேற்று மதியத் தூளை டாக்டரே வில்லை போட்டார். 21. அவரிடம் கேட்டதற்கு, "முந்தியே குண்டுகள்ல ஏதாவது கலந்து வச்சிருப்பா" என்றார். குண்டுகளைக் கழுவுகிறவன் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

உலகம்மாள் துவைக்கப் போட எடுத்த சட்டையில் அந்தத் தாள் இருந்தது. முற்றத்தில் நின்று கண்ணைச் சுருக்கி வாசித்தாள்.

"ஏங்க, ராகு காலத்த எதுக்குத் தனியா எழுதி வச்சிருக்கிய? காலண்டர்லதான் போட்டுருக்கே."

"எது?"

"திங்கக் காலையில, வெள்ளி பதினொண்ணு, செவ்வா மூணு. பெறவு என்னதாம் இது?" என்று சொல்லிவிட்டு, சின்ன வயசில் பாடம் பண்ணினதைப் பாட்டாகவே இழுத்தாள்: "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா..." திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. முதல் எழுத்தைப் பிடித்தால் ஏழரையிலிருந்து ஒன்றரை ஒன்றரை மணியாக ராகு காலம் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எமீமாவுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் அந்தக் காலண்டர் கிடையாது. டாக்டருக்குத் தெரியும், ஆனால் அவர் சிரித்து முடித்துவிட்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து இந்த நோட்டை எடுத்தேன். ஆகஸ்ட் 1, நாலு முப்பத்தைந்து, 22. ஆகஸ்ட் 4, பன்னிரண்டு ஐந்து, 41. எல்லாம் என் கையெழுத்து.

"ஏட்டி, உளுந்த ரொம்ப நேரம் ஆட்டினா என்னாவும்?"

"சூடேறி மாவு செத்துரும். வடை கல்லாப் போவும். ஏன், இது தெரியாதா இத்தன வயசுக்கு?"

ஆகஸ்ட் 28, திங்கள்

எழுதிவிடுகிறேன். பதினொரு வருஷமாக எழுதாதது.

பொன்னுலிங்கம் என்னோடு அரவைக்கூடத்தில் இருந்தான். அன்று செவ்வாய், மூன்றே கால். ஜாடியைத் திறக்கப் போனேன். "ராகு காலம்டே, கொஞ்சம் பொறுவே" என்றான். "போடே, உன் ராகுவத் தூக்கிக் குப்பையில போடு" என்று சிரித்துக்கொண்டே நான் திறந்தேன். குனிந்து பார்த்தவன் அவன், மாவு குப்பென்று அவன் முகத்தில் பற்றியது. எனக்கு இடது கையில் ரெண்டு விரல் மடங்காது, அவ்வளவுதான். அவன் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான். ஜாடி ஆறும் முன் திறக்கப்பட்டது என்று அறிக்கை எழுதினார்கள். இப்போது ஜாடியைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, காற்றுப் படாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்கிறோம், அந்த விபத்து இனி வராது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, கை போகாது.

நாளைக்கு மூன்று மணிக்கு நிறுத்தித் திறப்பேன். எண் சரியாக வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எதனால் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவளும் தப்பித்துவிடுவாள். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மூன்று மணிக்கு மெஷினை நிறுத்தினேன். பெட்டிக்குள் கையுறையில் கையை விட்டு மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பொன்னுலிங்கம், பொறுத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். மூன்று பன்னிரண்டுக்குத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாம்பல் நிற மாவு, அவ்வளவுதான். அழுகை வந்துவிட்டது, பெட்டிக்குள் கை மாட்டியிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

டாக்டரே வில்லை போட்டார். கமிட்டியில் மூன்று பேர். எமீமாவை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். ஐந்தரைக்குக் கொளுத்தினார்கள். தொட்டி ஜன்னல் முழுக்கச் சிவப்பு, எதிர்ச் சுவரெல்லாம் சிவந்துவிட்டது. கருவி 87 காட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்போதுதான் கமிட்டிக்காரர் ஒருவர் டாக்டர் பக்கம் சாய்ந்து சொன்னார்: "பாத்தீங்களா? போன வாரம் அந்தப் பொண்ணு வாசல்ல நின்னா, இருபத்தொண்ணு. இன்னைக்கு உள்ள விடல, எண்பத்தேழு. வேற என்ன நிரூபணம் வேணும்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வருகிறாள். "அண்ணாச்சி, செவ்வா மூணு மணித் தூளு எண்பத்தேழா! என்ன மாத்தினீங்க? சொல்லுங்க!" முகமெல்லாம் சிரிப்பு. தனக்குக் குழி வெட்டியாயிற்று என்று தெரியாமல், தூள் நன்றாக வந்ததே என்று சிரிக்கிறாள். பாவி நான், தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 30, புதன்

லீவு போட்டேன். பதிவேட்டைத் திருத்தலாமா என்று யோசித்தேன். இப்போது திருத்தினால் யார் நம்புவார்கள்? இரக்கப்பட்டு எழுதினதாகச் சொல்வார்கள். உள்ள நேரம் அந்தந்த நாளில் எழுதினது இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

நேரம் உள்ள பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுக்கலாம் என்று பிளேடை எடுத்தேன். ஆகஸ்ட் 4இன் முன்பக்கத்தில் பன்னிரண்டு ஐந்து, பின்பக்கத்தில் யாருக்கு எதிராகச் சாட்சி என்று கேட்டது. ஆகஸ்ட் 11க்குப் பின்னால் கடுதாசி. எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் மறுபக்கம் கூடவே வருகிறது.

உலகம்மாள் பிளேடை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்தாள். "முழுசாக் குடுங்க. அந்தப் பிள்ளைக்குத் தெரியாம அதிகாரிக்கு மட்டும் காட்டக் கூடாது. மொதல்ல அவ கையில குடுங்க."

"என்னப் பத்தி என்ன நினைப்பா?"

"நினைக்க வேண்டியதத்தான் நினைப்பா."

ஆகஸ்ட் 31, வியாழன், காலை

எமீமா, விசாரணை பத்தரைக்கு. எட்டரை பஸ்ஸில் வந்து இதை உன் கையில் கொடுக்கப் போகிறேன். செவ்வாய் மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டாயே, இதுதான் நடந்தது. உன் தாளில் எல்லாம் சரி, ஒன்று மட்டும் தப்பு. நான் எழுதினது கல்வெட்டு இல்லை.

கடுதாசி போட்டவனும் நான்தான். வாசலில் உன் பையைக் கொட்டும்போது பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். உள்ளே வாயைத் திறந்து சொல்லவும் சொல்வேன், ஆனால் நான் பேசினால் சாமர்த்தியமாகப் பேசுவேன், அதனால் நோட்டையும் கொடுக்கிறேன். படித்துவிட்டு என்னை ஏச வேண்டும் என்றால் ஏசு. அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டாம் என்றால் வேண்டாம். அதிகாரியிடம் மட்டும் காட்டிவிடு.

ஆவுடைநாயகம்

(இதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், பென்சிலால்)

பஸ் ஸ்டாப்பிலேயே முழுவதும் படித்தேன். இப்போது எதுவும் பேச முடியாது. ஆகஸ்ட் 8இல் காபி கொட்டியிருக்கிறது. நாலு முப்பதா, முப்பத்தைந்தா, முப்பத்தெட்டா? சரியாகச் சொல்ல வேண்டும். ஞாபகம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள்.
எ.

(அதற்குக் கீழே, பேனாவால்)

ஞாபகம் இல்லை.